டயர் சோதனையும் ஒரு மணல் பையும்

ரோட் சைக்கிளுக்கு அகலமான டயர்தான் வேகம் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். விரல் அகல டயரில் கல்லாகக் காற்றடித்து, பல் கிட்டிக்க ஓட்டியவர்களே பேசுகிறார்கள். கேட்டால் எனக்குச் சந்தோஷம் வர வேண்டும். எரிச்சல்தான் வருகிறது. நானும் எனக்கு மேலே இருந்த சான்யால் தாவும் இதைச் சொன்ன காலத்தில், மாட்டு வண்டிக்கா டயர் செய்கிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தவர்களில் ஒருவர், போன மாதம் எனக்கே அகல டயரின் அருமையை விளக்கினார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். வேறு யாரும் என்னோடு அவ்வளவு நேரம் பேசுவதில்லை.

இங்கே கல்கத்தாவில், சால்ட் லேக்கில் ஒரு சைக்கிள் குழு இருக்கிறது. செக்டர் ஃபைவ் ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கும் தேப்நாத் அதை நடத்துகிறார். ஐம்பதைத் தாண்டியவர், கலகலப்பானவர். டயர் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தவன் என்று யாரோ சொல்லி என்னைத் தேடிப் பிடித்தார். டயர் வாங்குவது எப்படி என்று குழுவின் இதழுக்கு எழுதித் தரச் சொன்னார். வங்காளத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அதில் எழுத முடியாததை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

எழுதிக் கொடுத்ததன் சாரம் இதுதான். கடையில் டயரைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்க்காதீர்கள். அதில் ஒன்றும் தெரியாது. டயரைச் சக்கரத்தில் மாட்டுவதற்கு முன்னால் உள்ளங்கையில் குறுக்காகப் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் துவண்டு தொங்கினால் நல்ல டயர். விறைத்துக்கொண்டு நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், எவ்வளவு அகலமாக இருந்தாலும் சரி. அகலம் மட்டும் போதாது. ரப்பருக்கு அடியில் இருக்கும் நூல் துணி மெல்லியதாக, நெருக்கமாக, நாள்பட்ட வேட்டி போலக் குழைவாக இருக்க வேண்டும். பஞ்சர் ஆகாது என்று கனமான பட்டை வைத்துத் தைத்த டயர் லாரிக்குத்தான் லாயக்கு. காற்றைக் குறைத்து அடியுங்கள். டிராம் தண்டவாளத்தின் பள்ளத்தில் ஒல்லி டயர் இறங்கினால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

நான் ஜாதவ்பூரில் இருக்கிறேன். இப்போது தனியாக. மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்ததால் என் மனைவி லலிதா சென்னைக்குப் போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது. ஒரு மாசம் என்று போனவள். தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் போன் வரும். "சாப்டேளா?" என்பாள். "ஆச்சு" என்பேன். பின்னால் ஒரு குழந்தை அழும், இன்னொன்று அதற்குப் பதில் சொல்லும். "அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். எனக்கு ஒரு குறையும் இல்லை. ராத்திரிக்குப் பொரியும் ஒரு வாழைப்பழமும் போதுமானதாக இருக்கிறது. ஒரு ஆளுக்காகக் குக்கரை ஏற்றுவது பிடிக்காது. நல்ல துணிதான் இப்போது கிடைப்பதில்லை. பேன்ட் எல்லாம் நாளடைவில் இடுப்பில் தொளதொளத்துப் போகிறது. தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த கதை பெரிதில்லை. லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்த எங்கள் வீட்டில் எல்லோரும் பேங்க்கிலும் கம்பெனி ஆபீசிலும் உட்கார்ந்தவர்கள். நான்தான் டிப்ளமா படித்து டயர் கம்பெனிக்குப் போய் ரப்பர் நாற்றத்தோடு வீட்டுக்கு வந்தவன். சில வருஷம் டயர் வேகவைக்கும் கூடத்தில் கழிந்தது. பிறகு சோதனைப் பிரிவு. அங்கே தலைவர் சான்யால். வங்காளத்தில் அண்ணனைத் தாதா என்பார்கள், பெயரோடு சேர்த்தால் தா.

சான்யால் தா ஜாதவ்பூரில் என்ஜினியரிங் படித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குரலை உயர்த்த மாட்டார், பாராட்டவும் மாட்டார். ஒரு சோதனை முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, "ஆபார்" என்பார். வங்காளத்தில் மறுபடியும் என்று அர்த்தம். நன்றாக வந்தாலும் ஆபார், சொதப்பினாலும் ஆபார். ஃபிளாஸ்கில் டீ கொண்டுவருவார். மூடியில் முதலில் எனக்கு ஊற்றித் தருவார், சர்க்கரை வேண்டுமா என்று மட்டும் கேட்க மாட்டார். அவருக்குச் சர்க்கரை இல்லாமல் பிடிக்கும். ஆகவே பதினைந்து வருஷத்துக்கு மேலாக நானும் சர்க்கரை இல்லாமல் குடித்தேன். எங்கள் பேச்சு எல்லாம் வங்காளம்தான். அதைத் தமிழில் எழுதும்போது அவர் எனக்கு இன்னும் நெருக்கமாகிவிடுகிறார்.

கம்பெனியில் டயரைச் சோதிக்க ஒரு பெரிய இரும்பு உருளை இருந்தது. டயரை அதன்மேல் அழுத்திச் சுழல விடுவோம். மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பார்ப்போம். குறைவாக இழுத்தால் நல்ல டயர். அந்த உருளையில் எப்போதும் ஒல்லி டயர்தான் ஜெயிக்கும். காற்றை ஏற்ற ஏற்ற இன்னும் ஜெயிக்கும். உருளையை வாங்கி நிறுத்தியவர் சான்யால் தாவேதான். ஒரு நாள் அதன் முன்னால் நின்று, "மூர்த்தி, இது கண்ணாடி மாதிரி இருக்கு. நீ ஓட்டுற ரோடு இப்படியா இருக்கு?" என்றார்.

ஒல்லி டயரில் போகும்போது கைப்பிடி அதிரும், ஒரு ரீங்காரம் கேட்கும். அதை வேகம் என்று உடம்பு நம்பிவிடுகிறது. உண்மையில் ஒவ்வொரு கல்லும் வண்டியையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. நாம் மிதித்த மிதியில் ஒரு பங்கு நம் உடம்பைக் குலுக்குவதற்கே செலவாகிறது. குழைவான அகல டயர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொண்டு போய்விடும். சத்தம் வராது, அதனால் மெதுவாகப் போகிறோம் என்று தோன்றும். இந்தத் தோற்றத்தை நாங்கள் இரண்டு பேருமே நம்பவில்லை. அளந்து பார்க்க வேண்டும் என்றார் சான்யால் தா.

கல்கத்தாவில் மேடு எங்கே இருக்கிறது? கார்டன் ரீச்சில் ஆற்றை ஒட்டிக் கம்பெனியின் பழைய கோடவுன் ஒன்று இருந்தது. கரைமேட்டிலிருந்து கோடவுன் வாசல் வரை இறங்கும் சாலை, பாதி பழைய கருங்கல், பாதி ஒட்டுப்போட்ட தார். உள்ளே வேறு வண்டி வராது. அதைத்தான் பிடித்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆற்றுக்காற்று கிளம்புவதற்கு முன்னால் போய்விடுவோம்.

முறை இதுதான். ஒரே மாதிரி இரண்டு சைக்கிள். ஒன்றில் ஒல்லி டயர், ஒன்றில் அகல டயர். மூட்டை நிறுக்கும் தராசில் ஆளையும் வண்டியையும் சேர்த்து நிறுத்துவோம். எடை குறைந்தவருடைய இருக்கைக்குப் பின்னால் ஒரு துணிப்பையில் மணல் கட்டி, இரண்டு பேரையும் சமமாக்குவோம். பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டு, கோடவுன் காவல்காரன் ராம்தனி குறுக்கே பிடித்த கயிற்றை விட்டதும் மிதிக்காமல் உருள வேண்டும். குனியக் கூடாது, பிரேக் தொடக் கூடாது. தானாக நிற்கும் இடத்தில் ராம்தனி சாக்பீஸால் கோடு போடுவான். பிறகு இரண்டு வண்டியின் சக்கரங்களையும் மாற்றிப் போட்டு மறுபடியும் இறங்குவோம். சேர்ந்தே இறங்குவதால் வீசும் காற்று இரண்டு பேருக்கும் ஒன்றுதான். தனியாக ஒருவன் செய்யக்கூடிய சோதனை இல்லை அது.

ஆரம்பத்தில் மணலே தேவைப்படவில்லை. நானும் அவரும் ஒரே உயரம், ஒரே எடை. கம்பெனி முழுக்கத் தேடியிருந்தாலும் எனக்கு அப்படி ஒரு ஜோடி கிடைத்திருக்காது. சில சமயம் வேடிக்கைக்காக இரண்டு பேரும் அகல டயரில் இறங்குவோம். அவ்வளவு அமைதியாக இருக்கும், உருண்டுகொண்டே பேசலாம். அவர் தன்னைப் பற்றிப் பேசியதெல்லாம் அந்தச் சரிவில்தான். சின்ன வயதில் அப்பாவின் சைக்கிளில் பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்டியது, சால்ட் லேக்கில் இருக்கும் தம்பியோடு பேச்சு நின்றுபோனது, எல்லாம். கீழே வந்து நின்றதும் பேச்சு முடிந்துவிடும்.

எங்கள் நச்சரிப்பு தாங்காமல் கம்பெனியின் சின்ன முதலாளி கடைசியில் ஒரு வழிக்கு வந்தார். "முழுசாக ஒரு சுற்று செய்து காட்டுங்கள். அகல டயர்தான் என்று நிரூபித்தால் மெல்லிய நூல் துணிக்கு ஆர்டர் போடுகிறேன். இல்லாவிட்டால் இந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும்" என்றார். சான்யால் தாவுக்கு ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கொண்டிருந்தது. தான் நிறுத்திய உருளை சொன்ன பொய்யைத் தானே திருத்திவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. வேறு எதையும் அவர் அவ்வளவு வெளிப்படையாக ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அந்தச் சுற்றில்தான் மணல் தேவைப்பட ஆரம்பித்தது, அவர் பக்கத்தில். முதலில் இரண்டு பிடி. "மிஷ்டி சாப்பிடறதை விட்டுட்டேன்" என்றார். இனிப்பை விட்ட வங்காளியைக் கிண்டல் செய்யாமல் இருக்க முடியுமா? நன்றாகவே செய்தேன். அடுத்தடுத்த வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. பையைப் பிடித்துக்கொண்டு மணலை அள்ளிப் போட்டது நான்தான். தராசு முள் நடுவில் நின்றால் போதும் என்று போட்டுக்கொண்டே இருந்தேன்.

பிறகு சோதனையே தடம் மாறியது. அகல டயரில் அவர் வந்தால் என்னைத் தாண்டிப் போனார். அது சரி, எதிர்பார்த்ததுதான். சக்கரத்தை மாற்றினோம். இப்போது ஒல்லி டயரில் வந்தவர் பின்தங்க வேண்டும். அப்போதும் என்னைத் தாண்டித்தான் போய் நின்றார். என் பிரேக் உரசுகிறதா என்று பார்த்தேன். சக்கர அச்சின் ஹப்பைக் கழற்றிக் கிரீஸ் போட்டேன். வண்டியையே மாற்றி ஓட்டினோம். "ஆபார்" என்றார். மறுபடியும் அவர்தான் முன்னால். டயரை மாற்றியாயிற்று, சக்கரத்தை, வண்டியை, சாலையில் இருந்த பக்கத்தை மாற்றியாயிற்று. மாற்றாமல் விட்டது ஆளை மட்டும்தான்.

கீழே குந்தி உட்கார்ந்து சாக்பீஸ் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த சான்யால் தாவை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். சட்டை உடம்போடு ஒட்டி அழகாக நின்றது. அதே பழைய நீலக் கட்டம் போட்ட சட்டை. அது முன்பு அவருக்குத் தொளதொளப்பாக இருக்கும். பக்கவாட்டில் புதுத் தையல் தெரிந்தது.

எப்படிக் கேட்பது? உடம்புக்கு என்ன என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதே இல்லை. எனக்குத் தெரிந்த பாஷையில் கேட்டேன்.

"தாதா, இந்த ரீடிங் செல்லாது."

"ஏன்?"

"எந்த டயர் போட்டாலும் நீங்கதான் முன்னால போறீங்க. எடை சமம். அப்ப காத்து உங்களைக் கம்மியா தடுக்குதுன்னு அர்த்தம்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். ஆபார் என்று சொல்லவில்லை.

"சட்டையை டெய்லர்கிட்ட கொடுத்தது தப்பாப் போச்சு. தொளதொளன்னு விட்டிருந்தா காத்து பிடிச்சிருக்கும். நீ கண்டுபிடிச்சிருக்க மாட்ட."

"டாக்டரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். இனிமே பார்க்கிறதுக்கு ஒண்ணும் இல்லைன்னு அவரும் பார்த்துட்டார்."

ராம்தனி மேலே கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். சோதனையை நிறுத்திவிடலாம், ரீடிங்கெல்லாம் வீணாகிவிட்டது என்று ஏதோ உளறினேன். அவருக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"யார் சொன்னது வீண்னு? அகல டயர்ல வந்தப்போ உன்னைவிட எவ்வளவு முன்னால நின்னேன்? ஒல்லி டயர்ல வந்தப்போ எவ்வளவு?"

"ஒல்லியில வந்தப்போ கொஞ்சம்தான்."

"ரெண்டுலயும் பொதுவா இருக்கிறது யாரு? நான். என்னைக் கழிச்சிடு மூர்த்தி. மிச்சம் இருக்கிறது டயர்."

அவர் சொன்னது கணக்குப்படி மிகச் சரி. அன்று மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு வரியிலும் அவரைக் கழித்தேன். அகல டயர் ஐயத்துக்கு இடமில்லாமல் ஜெயித்தது. வெற்றிச் செய்தியை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்று அழுதேன். லலிதா அடுப்பை அணைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டாள். அவள் அழவில்லை. "அந்த மனுஷன் தனியா என்னத்த சாப்பிடறார்?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு ஒரு தூக்குப் பாத்திரமும் கார்டன் ரீச்சுக்கு வந்தது. தயிர் சாதம், குழைய வடித்தது, இஞ்சி இல்லாமல். முதல் நாள் அவர் அதைச் சந்தேகமாகப் பார்த்தார். அடுத்த வாரம் பாத்திரத்தை வழித்தார். நான் வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றுவதற்குள் லலிதா உள்ளேயிருந்து கேட்பாள்: "இன்னிக்கு எவ்ளோ மணல்?" அவளுக்கு டயரைப் பற்றி ஒன்றும் தெரியாது. மணல்தான் அவள் கணக்கு. ஒரு வாரம் ஒரு பிடி குறைந்தது. அன்று பாயசம் வைத்தாள். அதற்கப்புறம் குறையவே இல்லை.

சின்ன முதலாளி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நூல் துணி வந்தது. முதல் ஜோடி டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். சான்யால் தா உள்ளங்கையை நீட்டினார். அதில் டயரைக் குறுக்காகப் போட்டேன். இரண்டு பக்கமும் துவண்டு தொங்கியது. ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஈரத் தரையில பார்க்கலையே நாம" என்றார். "மழை வரட்டும் தாதா, பார்ப்போம்" என்றேன். "தயிர் சாதம் எங்கே?" என்று கேட்டார். கொண்டுபோயிருந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டார்.

மழைக்கு முன்னால் போய்விட்டார். தம்பி வந்திருந்தார், ஓரமாக நின்றார். ஈரத் தரைச் சோதனையை நான் மட்டும் செய்தேன். என் எடைக்கு வேறு ஆள் தேடச் சொன்னார்கள். நான் தேடவில்லை. தனியாக இறங்கினால் காற்று மாறிக்கொண்டே இருக்கும், அதனால் பல தடவை இறங்கிச் சராசரி எடுக்க வேண்டும். இறங்கினேன், தள்ளிக்கொண்டு ஏறினேன், மறுபடி இறங்கினேன். அகல டயர் சத்தமே போடாது. முன்பு அந்த அமைதி எனக்குப் பிடிக்கும்.

இதெல்லாம் தேப்நாத்துக்குத் தெரியாது. என் ஒன்றரைப் பக்கத்தைப் படித்துவிட்டு, அந்தச் சரிவுச் சோதனையை ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கோடவுன் இப்போது வேறு யாருடையதோ. அவரே போய் அனுமதி வாங்கினார். போனில் என் எடையைக் கேட்டார், சொன்னேன். "அட, என் எடையேதான்! மணலே வேண்டாம்" என்று குதித்தார்.

போன ஞாயிறு போனோம். சாலையில் கருங்கல் அப்படியே இருக்கிறது. தராசு போய்விட்டது, தேப்நாத் வீட்டு மெஷினைக் கொண்டுவந்திருந்தார். அவர் ஏறி இறங்கினார். நான் ஏறினேன். குனிந்து எண்ணைப் பார்த்தவர், "மூர்த்தி தா, இறங்கி மறுபடி ஏறுங்க" என்றார். ஏறினேன். "மெஷின் சரியில்லையோ?" என்று தானே மறுபடி ஏறிப் பார்த்தார். அவருக்குச் சரியாகத்தான் காட்டியது. நான் சொன்னது ரிட்டயர் ஆனபோது இருந்த எடை. அதற்குப் பிறகு நான் பார்த்துக்கொள்ளவில்லை.

பக்கத்தில் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணலிலிருந்து தேப்நாத் அள்ளிக்கொண்டு வந்தார். நான் பையின் வாயைப் பிடித்துக்கொண்டேன். அவர் போட்டார், பார்த்தார், இன்னும் போட்டார். நிறுத்தவே இல்லை. பையைப் பிடித்திருந்த என் கை கனத்தது.

இறங்கினோம். நான் முன்னால் போய் நின்றேன். சக்கரத்தை மாற்றி இறங்கினோம். அப்போதும் நான்தான் முன்னால். தேப்நாத் குழம்பிப்போய் தன் ஹப்பைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்தார்.

"ஹப்ல ஒண்ணும் இல்லை. என்னைக் கழிச்சுட்டுப் பாருங்க" என்றேன்.

கணக்கை விளக்கினேன். போனில் போட்டுப் பார்த்து, "அகல டயர்தான்!" என்று என் தோளைத் தட்டினார். தட்டிய கையை உடனே எடுத்துக்கொண்டார். எலும்பு தட்டுப்பட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து இருட்டும்வரை விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். டப்பாவில் பொரி இருந்தது. எடுக்கவில்லை. வழக்கமான நேரத்துக்குப் போன் வந்தது.

"சாப்டேளா?"

ஆச்சு என்பது நாக்கு நுனிவரை வந்தது. "இன்னிக்குக் கார்டன் ரீச் போயிருந்தேன்" என்றேன்.

"அங்கயா? எதுக்கு?"

"பழையபடி எடை போட்டு இறங்கினோம். ஒருத்தர் கூப்பிட்டார்."

குழந்தை அழுதது. லலிதா யாரிடமோ கொடுத்துவிட்டு வேறு அறைக்குப் போனது தெரிந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"மணல் யாருக்கு?"

"எனக்கு."

அங்கே ஒரு நாற்காலியை இழுப்பது காதில் விழுந்தது. பிறகு கேட்டாள்.

"எவ்ளோ?"

ஒரு பிடி என்று சொல்லிவிடலாம். அவள் நம்பியும் விடுவாள்.

"பை நிறைய, லலிதா" என்றேன்.